புகையிரத நிலையத்தில் ஒரு கமரா



காலையில் வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறிக் கோட்டையில் இறங்கும் நம்மவர்கள், அந்த நிலையத்தை எவ்வளவு தூரம் கண்டிருக்கிறார்கள்? சுமை தூக்குபவரின் முகமும், யாழ்ப்பாண வண்டிக்குக் காத்திருக்கும் மூதாட்டியின் மூட்டையும் கண்ணிற் படுகின்றன, கருத்திற் பதிவதில்லை. அலுவலகத்துக்குச் செல்லும் அவசரம் நம்மை இழுத்துச் செல்கின்றது.

இவ்வாறு நாம் காணாது விட்டவற்றை நமக்குக் காட்டுவதே அவதானிப்பு விவரணப்படத்தின் பணி. அதிலே கதாநாயகன் இல்லை. விளக்கவுரை கூறும் குரலும் இயன்றவரை இல்லை. படம் எடுப்பவர் பொறுமையுடன் காத்திருந்து, நிகழ்வதைப் பதிவு செய்கிறார். பின்னர் நீண்ட படச்சுருளிலிருந்து சில நிமிடங்களைத் தெரிந்தெடுத்துத் தொகுக்கிறார். அந்தத் தொகுப்பிலேயே கதை பிறக்கின்றது.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் போக்குவரத்துத் திரைப்படப் பிரிவுக்காக, ஜோன் ஷிலெசிங்கர் என்பவர் லண்டன் வாட்டர்லூ நிலையத்தைப் பற்றி 'டேர்மினஸ்' என்ற படத்தை இயக்கினார். 1961இல் வெளிவந்த இப்படம் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடியது. நிலையத்தின் ஒருநாள் வாழ்வு அதில் அடங்கியிருக்கின்றது. வெனிஸ் திரைப்பட விழாவிலும் அது பரிசு பெற்றது.

அப்படத்தைப் பார்த்தவர்கள் மறவாத காட்சி, தாயைக் காணாது தேம்பியழும் சிறுவனின் காட்சி. ஆனால் அச்சிறுவன் தற்செயலாகத் தொலைந்தவன் அல்லன். படத்துக்காகத் தாயே அவனைத் தனியே விட்டிருந்தார். ஏற்பாடு நாடகம், கண்ணீரோ மெய்.

ஏற்பாடு செய்து படம் எடுப்பது அக்காலத்திற்குப் புதிதன்று. 1934இல் 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் படத்தில் நம் நாட்டைக் காட்டிய பேசில் ரைட், 1936இல் ஹரி வொட்டுடன் சேர்ந்து 'நைட் மெயில்' என்ற தபால் புகையிரதப் படத்தை இயக்கினார். ஓடும் பெட்டிக்குள் கடிதம் பிரிக்கும் காட்சிகள் கலையகத்தில் அமைத்த பெட்டியில் எடுக்கப்பட்டவை. உண்மையான தபால் ஊழியர்களே, வண்டி ஓடுவதுபோல் உடலை அசைத்து நடித்தார்கள். அக்காலக் கருவிகளின் பாரம் அதற்கொரு காரணம். 1960ஆம் ஆண்டளவில் தோளிற் சுமக்கும் கமராவும், அதனுடன் இணைந்து ஒலியைப் பதியும் சிறு கருவியும் வந்தபின், நிகழ்வதை நிகழும்போதே பிடிப்பது எளிதாயிற்று.

எனினும், தபால் ஊழியர்கள் தாம் நடிப்பதை அறிந்திருந்தார்கள். அழுத குழந்தை அறியவில்லை. பல்லாண்டு பிள்ளைகளுடன் பழகிய எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றுகின்றது. தாய் சம்மதித்தார் என்பதனால் அவன் அச்சம் குறைந்துவிடவில்லை. கோட்டை நிலையத்திலே அத்தகைய குழந்தையை நாம் கண்டால், முதலில் அதன் கையைப் பிடிப்போம், பிறகே மற்றவை.

இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு கமரா இருக்கின்றது. ஆதலால் இவ்வினா இயக்குநர்களுக்கு மட்டும் உரியதன்று. மேடையில் அயர்ந்து உறங்கும் கூலியாளையோ, பிரிவில் கலங்கும் தாயையோ படம் எடுக்குமுன், "இந்த இடத்தில் நான் இருந்தால் சம்மதிப்பேனா?" என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.