கடலைக் கற்கக் கடல் கடந்தவர்

கல்வியின் பொருட்டுக் கடல் கடப்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. சட்டம் பயிலவும் மருத்துவம் பயிலவும் சென்றவர் பலர். ஆனால், கடலைப் பற்றியே கற்பதற்காகக் கடல் கடந்து செல்வதென்றால் கேட்போர்க்குச் சற்று வியப்பாக இருக்கலாம். திருவனந்தபுரம் போன்றதொரு நகரில் இவ்வியப்பு இன்னும் மிகும். சங்குமுகத்திலும் வலியதுறையிலும் விழிஞத்திலும் கடல் வாயிற்படி வரை வந்து அலை வீசுகின்றது. வாயிலில் இருப்பதை அறிந்துகொள்ள அயல்நாட்டு உபகாரச் சம்பளம் எதற்கு? இவ்வினாவிற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கடலடியைப் பற்றிய அறிவு இக்கரையில் இல்லாமற்போகவில்லை. நீருக்குள் மறைந்து கிடக்கும் பாறைத் திட்டுகளை இங்குள்ள மீனவர் 'பார்' என்பர். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வாழும் இடங்களை 'முத்துப்பார்' என வழங்குகின்றோமே, அதே சொல்தான். கரையிலுள்ள மலைமுகடு, கோயில், உயர்ந்த மரம் முதலிய அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்திப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாரின் மேல் படகைக் கொண்டுபோய் நிறுத்துவர். இம்முறைக்குக் 'கணிச்சம்' என்று பெயர். இந்தப் பரம்பரை அறிவைத் தொகுத்து, முக்குளிப்போரின் துணைகொண்டு பார்களை ஆவணப்படுத்தும் முயற்சியில் திருவனந்தபுரத்து ராபர்ட் பனிப்பிள்ளை ஈடுபட்டவர்.

மீன் எங்கே கிடைக்கும் என்பதை இவ்வறிவு செம்மையாகச் சொல்லும். ஆயினும், ஓர் உயிர் ஏன் ஒரு பருவத்தில் உப்பங்கழிக்குள் புகுகின்றது, ஏன் பிறகு கடலுக்கே திரும்புகின்றது என்று கேட்டால், அவ்வுயிரின் உடலுக்குள் நிகழ்வதை அறிந்தாக வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடமும், கருவிகளும், பல்லாண்டு திரட்டிய ஒப்பீட்டுக் குறிப்புகளும் தேவை. முப்பதுகளில் இவை மூன்றும் ஒருங்கே அமைந்த இடங்கள் நம் நாட்டில் மிக அரியன. அக்குறையை நிரப்பக் கடல் கடந்தவர்களுள் ஒருவர் என். கேசவ பணிக்கர்.

1913-இல் பிறந்த பணிக்கர், சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ஆர். கோபால ஐயரிடம் ஆராய்ச்சி பயின்றார். சென்னைக் கழிகளில் வாழும் உயிர்களைப் பற்றி இருவரும் இணைந்து எழுதிய கட்டுரை 1937-இல் வெளிவந்தது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் பெருகி உப்புக் குறைகின்றது. கோடையில் உப்பு ஏறுகின்றது. இவ்வளவு மாறுதலையும் தாங்கிக்கொண்டு சிற்றுயிர்கள் எவ்வாறு அங்கே பிழைக்கின்றன? வெளிநாட்டுக்குப் புறப்படும் முன்னரே அவர் மனத்தில் வேரூன்றியிருந்த வினா இது.

அவருக்குக் கிடைத்த உபகாரச் சம்பளத்தின் வரலாறும் சுவையானது. 1851-ஆம் ஆண்டு லண்டனில் மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. செலவு போக மிஞ்சிய ஏறத்தாழ 1,86,000 பவுன் தொகையைக் கொண்டு கல்வியும் கலையும் வளர்க்க ஓர் ஆணைக்குழு முற்பட்டது. 1891 முதல் அது ஆராய்ச்சி மாணவர்க்குப் பொருளுதவி செய்யத் தொடங்கிற்று. நியூசிலாந்திலிருந்து வந்த ரதர்போர்டு பெற்றதும் இவ்வுதவியே. நம் ஹோமி பாபாவும் இதனைப் பெற்றவர். முப்பதுகளின் இறுதியில் இவ்வுதவியுடன் பணிக்கர் இங்கிலாந்து சென்றார்.

பிளிமத் துறைமுகத்தில் 1888-இல் திறக்கப்பெற்ற கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் உலகப் புகழ் வாய்ந்தது. அதன் சஞ்சிகையில், இறால்களின் உடலில் உப்புச் சமநிலை எவ்வாறு காக்கப்படுகின்றது என்பது பற்றிய பணிக்கரின் விரிவான கட்டுரை 1941-இல் வெளியாயிற்று. அது உலகப் போரின் காலம். அவ்வாண்டிலேதான் பிளிமத் நகரம் குண்டுவீச்சால் பெரும் சேதமுற்றது.

அவர் கண்டதைச் சுருக்கமாகக் கூறலாம். கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உண்டு. கடல்வாழ் முதுகெலும்பிலிகள் பலவற்றின் உடல்நீரும் கிட்டத்தட்ட அதே செறிவுடையது. ஆனால், அவர் ஆராய்ந்த இறால் வகைகளின் குருதி, கடலில் இருக்கும்போது கடல்நீரைவிடக் குறைந்த செறிவில் நின்றது. உப்புக் குறைந்த நீரில் விட்டபோதோ, அந்நீரைவிட மிகுந்த செறிவில் நின்றது. வெளியே உப்பு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே ஓரளவு நிலையாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இறாலுக்கு இருக்கின்றது. நீரின் வெப்பம் மிகும்போது உப்புக் குறைவைத் தாங்குவது எளிதாகின்றது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வெப்ப நாடுகளின் கழிகளிலும் காயல்களிலும் கடலுயிர்கள் இத்தனை மிகுதியாகக் குடியேறியிருப்பதற்கு இதையே ஒரு காரணமாகக் கருதினார். கேள்வி சென்னைக் கழியில் பிறந்தது. விடை பிளிமத்தின் குளிர்நீரில் கிடைத்தது. பயன் மீண்டும் நம் காயல்களுக்கே வந்து சேர்ந்தது.

நாடு திரும்பியபின் அவர் திருவனந்தபுரத்தில், 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பின்னர், மத்திய அரசு 1947-இல் நிறுவிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற்கு ஐம்பதுகளில் தலைமை தாங்கினார். அந்நிலையம் அப்போது இருந்த இடம் இராமேசுவரத்தை அடுத்த மண்டபம். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர் தங்க வைக்கப்பட்ட அதே மண்டபந்தான். பிழைப்புத் தேடி மக்கள் கடல் கடந்த ஊரிலே, கடல் கடந்து கற்றவர் வந்தமர்ந்து ஆராய்ச்சி நடத்தினார்.

கடலில் முட்டையிட்டு, கழிகளில் குஞ்சாய் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும் இறால் வகைகளின் வாழ்க்கை பற்றியும், இந்திய இறால் மீன்பிடிப்பு பற்றியும் ஆய்வுகள் அக்காலத்தில் வளர்ந்தன. கழிமுகத்தை அழித்தால் கடலில் இறால் குறையும் என்று இன்று நாம் எச்சரிக்கை செய்வதற்கு அடிப்படை இத்தகைய ஆய்வுகளே. 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் கூடி நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில் இந்தியாவின் பங்கை நெறிப்படுத்தியவரும், 1966-இல் தோன்றிய தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1977-இல் அவர் மறைந்தார்.

இவ்வழி இன்றும் தூர்ந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டு மாதத்தில், பிரான்சு நாட்டின் 'நாட்டில்' என்னும் நீர்மூழ்கி ஊர்தியில் இந்தியர் இருவர் அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கினர். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ராஜு ரமேஷ் 4,025 மீட்டர் ஆழமும், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதிந்தர் பால் சிங் 5,002 மீட்டர் ஆழமும் சென்றனர். மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் செல்லுமாறு சென்னை நிறுவனம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' ஊர்திக்கு இது முன்னனுபவமாகும். இவர்களும் தம் நாட்டுத் தேவையைக் கையிற்கொண்டே அயல்நாடு சென்றவர்கள் என்பது கருதத்தக்கது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் தம் மக்களை மேற்படிப்புக்கு அனுப்ப விழைவது இயல்பு. ஐரோப்பிய நாடுகளின் எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டம் முதலியவை தகுதியுடையோர்க்குத் திறந்தே உள்ளன. எனினும் அங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. விண்ணப்பத்திற்குப் பட்டம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், பரிந்துரைக் கடிதம் வேண்டும். இவை யாவும் கைவரப்பெற்ற இளைஞர் பலருக்குக் கடலைப் பற்றிக் கேட்பதற்கென்று சொந்த வினா இருப்பதில்லை. வினாக்கள் நிறைந்த மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கோ, அவ்வினாவை விண்ணப்பமாக்கும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. பாரின் மேல் மீன் ஏன் குறைந்தது என்று நாள்தோறும் கேட்பவன் கரையிலேயே நின்றுவிட, அவ்வினாவைக் கேட்டறியாதவன் கப்பலேறுவது நாட்டுக்கு நட்டமன்றோ?

உபகாரச் சம்பளம் என்பது வழிச்செலவுக்கான பொருள் மட்டுமே. எதைத் தேடிச் செல்கின்றோம் என்பதை அது சொல்லித் தராது. பணிக்கருக்கு அதைச் சொல்லித் தந்தது சென்னையின் கழிநீர்ப் பரப்பு. ஆகவே, கடலறிவுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பிலிருந்தே வழி வகுத்துத் தருவதும், பட்டம் பெற்ற நம் பிள்ளைகளைப் புறப்படும் முன்னர் ஒரு முறையேனும் மீனவரோடு உட்கார்ந்து பேசச் செய்வதும் நம் கடமை. அங்ஙனம் வினாவோடு சென்றவரே விடையோடு திரும்புவர்.