பொன்மீனில் வெண்புள்ளி கண்டால்

சகோதரிகளே, மாவடிப்பள்ளியில் வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளில் பொன்மீன் வளர்த்து விற்றே எனது குடும்பத்தைப் பார்க்கிறேன். ஒரு தொட்டி மீன் செத்தால் அந்த மாத வருமானம் போய்விடும்.

மீன் தொட்டிச் சுவரில் உடலை உரசுகிறதா? உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிகின்றனவா? அது ஒட்டுண்ணி நோய். மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுங்கள். 10 லீற்றர் நீருக்கு 30 கிராம் கல்லுப்பு வீதம் கரைத்து, இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீனிலிருந்து விழும் ஒட்டுண்ணி தொட்டியின் அடியில் பல நூறாகப் பெருகி மீண்டும் மீனைப் பற்றும். நீரில் நீந்தும் அந்தக் குஞ்சுகளையே உப்பு கொல்லும். ஆகவே 14 நாட்கள் தொடருங்கள். நீர் மாற்றினால் அதற்குரிய உப்பையும் சேருங்கள்.

புதிய மீன்களை இரண்டு வாரம் வேறாக வைத்துப் பாருங்கள். நோயுள்ள மீனை விற்காதீர்கள். வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.