அயலார் குதிரையும் நம் வேலியும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து செல்லும் குதிரைகளைக் காணாதார் இலர். பகலெல்லாம் உழைக்கும் அவை இரவில் எங்கே மேய்கின்றன என எண்ணிப் பார்ப்போர் சிலரே. மலைச்சரிவில் குடியிருக்கும் எங்களுக்கு ஒரு மார்கழி விடியலில் அதற்கு விடை கிடைத்தது. அடுத்த வீட்டாரின் குதிரை எங்கள் காரட் பாத்தியின் நடுவே நின்றது. வேலிக் கம்புகள் இரண்டு முறிந்து கிடந்தன. மூன்று மாத உழைப்பு ஓர் இரவில் பாழாயிற்று.

முதலில் எழுந்தது சினமே. பிள்ளைகள் கல்லை எடுத்தார்கள். "கட்டிப் போடுங்கள், பணத்தைக் கொடுத்துவிட்டு அவிழ்த்துப் போகட்டும்" என்றார் வீட்டுக்கு வந்திருந்த உறவினர். ஆனால் பாட்டி, "வாயில்லாச் சீவனிடம் என்ன வழக்கு? உடையவரிடம் போய்ப் பேசுங்கள்" என்று தடுத்தார்.

பேசினோம். குதிரைக்காரர் தலை குனிந்தார். "தம்பி, வருகிற காசில் பாதி தீவனத்துக்கே போகிறது. மழைக்காலத்தில் அந்தக் காசும் இல்லை. இரவில் அவிழ்த்துவிடாமல் என்ன செய்வேன்?" என்றார். வேலி முறிந்ததற்கு மூலகாரணம் பசி என்பது அப்போதுதான் விளங்கிற்று.

குதிரையின் இரைப்பை அதன் உடலைப் பார்க்கச் சிறியது. ஆகவே அது சிறிது சிறிதாக, நாளில் 16 மணி நேரம் வரை மேயும் இயல்புடையது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர் தீவனம் வேண்டும். மேலும் அது கூட்டமாய் வாழும் விலங்கு. பசியோடு தனித்து நிற்கும் குதிரையை எந்த வேலியும் நெடுநாள் தடுத்து நிறுத்தாது.

இரக்கப்பட்டு வேலிக்கு மேலாகத் தின்பண்டம் எறிவதும் தவறே. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஒவ்வாததைத் தின்றால் வயிற்றுச் சூலை கண்டு இறக்கவும் கூடும். வெட்டிக் குவித்த புல்லும் அதற்குக் கேடு. அரளியோ கொடிய நஞ்சு. முள்கம்பியும் ஆகாது. மிரண்டு ஓடும் குதிரை மெல்லிய கம்பியைக் காணாமல் பாய்ந்து தன் தோலைக் கிழித்துக்கொள்ளும். அப்புண்வழியே இசிவு நோயும் வரலாம். கண்ணுக்குத் தெளிவாய்த் தெரியும் மரக்கம்புகளை நான்கரை அடிக்குக் குறையாத உயரத்தில் கட்டுவதே நன்று.

பயிரை இழந்தவருக்கு நியாயம் இல்லையா? உண்டு. 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டம், மாடு ஆடுகளோடு குதிரையையும் சேர்த்தே எண்ணிற்று. பயிரை அழிக்கும் விலங்கைப் பிடித்தவர் அதைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், 24 மணி நேரத்துக்குள் பட்டியில் சேர்க்க வேண்டும் என்று அது விதித்தது. விலங்கை ஊனப்படுத்துவதோ கொல்வதோ இன்றும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அதற்கு நெடுங்காலம் முன்பே மறைநூல் இருபக்கமும் பேசிவிட்டது. தன் விலங்கைப் பிறர் வயலில் மேயவிட்டவன் தன் நிலத்து விளைச்சலில் சிறந்ததை ஈடாகத் தர வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம். வழிதவறித் திரியும் விலங்கு பகைவனுடையதே ஆயினும் அதை அவனிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்கிறது அடுத்த அதிகாரம். உடையவருக்குப் பொறுப்பு, கண்டவருக்குப் பரிவு. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அயலுறவு நிலைக்காது.

நாங்கள் செய்தது இதுதான். குதிரைக்காரர் கம்புகள் கொணர்ந்தார்; எங்கள் பிள்ளைகள் குழி தோண்டினார்கள். இரு வீட்டாரும் ஒரே நாளில் வேலியைக் கட்டி முடித்தோம். எங்கள் மேட்டில் வீணே வளர்ந்த புல்லை நாள்தோறும் அறுத்துக்கொள்ள அவருக்கு இசைந்தோம். இரவில் கொட்டிலில் கட்டிவைப்பதாக அவர் வாக்களித்தார். மலைச்சாலையின் இருண்ட வளைவுகளில் குதிரை அலைவது வண்டி ஓட்டுவோரின் உயிருக்கும் இடர் அன்றோ?

ஈடு கொடுக்க அவரிடம் வயல் இல்லை. ஆயினும் மக்கிய குதிரை இலத்தியைக் கூடை கூடையாய்க் கொணர்ந்து, பாழான அதே பாத்தியில் கொட்டினார். மறுபோகம் காரட் நன்றாய் விளைந்தது. முதல் கூடையைப் பாட்டியே அடுத்த வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

வேலி முறிந்தால் ஒரு பகலில் கட்டிவிடலாம். உறவு முறிந்தால் கட்டுவதற்குக் கம்பு கிடைப்பது அரிது.