பரணில் உலரும் திராட்சை: அமரோனே ஒயினும் அதன் விதிகளும்

இத்தாலியின் வடகிழக்கே, வெரோனா நகரை ஒட்டிய குன்றுப் பகுதியான வால்போலிச்செல்லாவில் உருவாகும் அமரோனே என்னும் சிவப்பு ஒயின், பறித்த பழத்தை உடனே பிழியாமல், மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே பிழிந்து எடுக்கப்படுவதாகும். 'அப்பாசிமெந்தோ' எனப்படும் இம்முறையில், இலையுதிர்காலத்தில் கையால் பறிக்கப்பட்ட, காயம்படாத கொத்துகள் மூங்கில் தட்டிகளிலோ ஆழமற்ற பெட்டிகளிலோ ஒற்றை அடுக்காகப் பரப்பப்பட்டு, காற்றோட்டமுள்ள பரண்களில் வைக்கப்படுகின்றன. எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நீராக வெளியேற, தோல் சுருங்கி, சர்க்கரையும் சுவையும் பழத்துக்குள் செறிகின்றன. பரணில் ஈரம் தங்கிவிட்டால் ஒரு பழத்தில் அரும்பும் பூஞ்சை கொத்து முழுவதும் படர்ந்துவிடும் என்பதால், உலரும் காலம் முழுவதும் கொத்துகளைக் கண்காணித்து, கெட்டவற்றைக் களைந்துகொண்டே இருக்க வேண்டியுள்ளது.

இது நேற்று வந்த வழக்கமன்று. ஆஸ்ட்ரோகோத் அரசில் உயர் அமைச்சராயிருந்த காசியோடோரஸ், வெரோனாவில் திராட்சையைத் தொங்கவிட்டு உலர்த்தி, குளிர்காலத்தில் பிழிந்ததை 6ஆம் நூற்றாண்டிலேயே தம் கடிதமொன்றில் விவரித்துள்ளார். நெடுங்காலம் இவ்வாறு கிடைத்தது 'ரெச்சோத்தோ' என்னும் இனிப்பு ஒயினே. சர்க்கரையை மதுச்சாரமாக மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்ட், இடையில் ஓயாமல் சர்க்கரை ஏறக்குறைய முழுவதையும் தின்று தீர்த்துவிடும்போது இனிப்பு மறைந்து பிறப்பதே அமரோனே. கசப்பைக் குறிக்கும் 'அமாரோ' என்னும் சொல்லே இப்பெயருக்கு அடி.

இத்தாலிய ஒயின் தரவரிசையின் உச்சப் பிரிவான டி.ஓ.சி.ஜி. 2010இல் இதற்கு வழங்கப்பட்டது. அதன் விதிகளின்படி கொர்வீனா திராட்சை 45 முதல் 95 விழுக்காடும், ரொண்டினெல்லா 5 முதல் 30 விழுக்காடும் இடம்பெற வேண்டும். கொர்வீனாவின் ஒரு பகுதிக்கு ஈடாக அதன் நெருங்கிய துணையான கொர்வினோனேயைச் சேர்க்கலாம். மதுச்சாரம் 14 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. குறைந்தது இரண்டு ஆண்டுகளும், 'ரிசெர்வா' எனப் பெயரிட நான்கு ஆண்டுகளும் முதிர வேண்டும். எனினும் இவை அனைத்தினும் தலையாயது, சிறப்பு அனுமதியின்றி டிசம்பர் 1க்கு முன் பழத்தைப் பிழியலாகாது என்னும் விதியே. அவசரத்துக்கு அணைபோட்டு, பரணில் நிகழ வேண்டிய மாற்றத்துக்கு உரிய காலத்தை உறுதிசெய்வது அதுதான்.

100 கிலோ உலர்த்தாத திராட்சையிலிருந்து 40 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்கவும் விதி இடந்தருவதில்லை. ஆகவே முக்கால் லிட்டர் கொண்ட ஒரு புட்டிக்குப் பின்னால், கொடியிலிருந்து பறித்த ஏறத்தாழ இரண்டு கிலோ திராட்சை இருக்கிறது.