150 ஏஹெச் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

இன்வர்ட்டர் பேட்டரியின் மேல் ‘12 வோல்ட், 150 ஏஹெச்’ (ஏஹெச் என்றால் ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. மின்விசிறிகள், விளக்குகள், டி.வி. எல்லாம் சேர்ந்து 400 வாட் இழுத்தால் நாலரை மணி நேரம் ஓட வேண்டும். ஆனால், பெரும்பாலான வீடுகளில் இரண்டரை மணி நேரத்திலேயே இன்வர்ட்டர் கூவத் தொடங்கிவிடும். பேட்டரி பழுதில்லை, நாம் போட்ட கணக்குதான் தவறு.

அந்த 150-க்குப் பக்கத்தில் ‘சி20’ என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். 20 மணி நேரத்தில், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால்தான் முழு 150 கிடைக்கும் என்பது அதன் பொருள். 400 வாட் சுமைக்கோ, இன்வர்ட்டரிலேயே வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால், 40 ஆம்பியருக்கு மேல் தேவைப்படுகிறது.

வேகமாக எடுத்தால் ஏன் குறைகிறது? பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் வினைபுரிந்துதான் மின்சாரம் பிறக்கிறது. தகட்டின் நுண்துளைகளில் உள்ள அமிலம் தீர்ந்ததும் வெளியிலிருந்து புது அமிலம் ஊறி வர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரமாக இழுத்தால், உள்ளே சரக்கு மிச்சமிருக்கும்போதே வோல்டேஜ் சரிந்து, இன்வர்ட்டர் நின்றுவிடுகிறது. இந்த இழப்பை 1897-இல் சூத்திரமாக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி வில்ஹெல்ம் பியூக்கர்ட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் இந்த இழப்பு மிகக் குறைவு, விலைதான் அதிகம்.

ஈய பேட்டரியை அடிக்கடி அடிவரை காலி செய்வதும், காலியான நிலையிலேயே விட்டுவைப்பதும் கெடுதல். தகட்டில் படியும் ஈய சல்பேட் இறுகி, கொள்ளளவை நிரந்தரமாகத் தின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர் குறைந்து தகடுகள் வெளியே தெரிந்தாலும் இதே கதிதான்.

நேரம் போதவில்லை என்றால் பெரிய பேட்டரிக்கு ஓடுவதற்கு முன் சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் நான்கையும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால், 400 வாட் 220 ஆகிவிடும். அதே பேட்டரி ஐந்து மணி நேரம் வரை தாங்கும். சுமை பாதிகூடக் குறையவில்லை, நேரமோ இரட்டிப்பாகிறது. முதல் செலவை விசிறிக்குச் செய்யுங்கள்.