முப்பது வயதில் செவிலியர் படிப்பு

கடந்த மாதம் திருவாலங்காட்டிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். வயது முப்பது. பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக மாதம் 18,000 ரூபாய் பெறுகிறார். பக்கவாதத்தால் படுத்துவிட்ட தந்தையை ஆறு மாதம் பராமரித்ததில், இது தனக்குக் கைவரும் வேலை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "ஐயா, இந்த வயதில் நர்சிங் படிக்கலாமா?" என்று கேட்டார்.

விதி இடம் தருகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் சேர்க்கைக்கு வகுத்துள்ள வயது வரம்பு 17 முதல் 35 வரை. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்கு மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் பிற பிரிவினரும் சேரலாம். மேல்நிலையில் வணிகவியல் படித்த இவருக்குப் பட்டயப் படிப்பே வழி.

ஆனால், விதி அனுமதிப்பதைக் கணக்கு அனுமதிக்கிறதா? ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பைப் பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்போம். மூன்றாண்டுகள் வேலையை விட்டால் இவர் இழக்கும் ஊதியம் 6,48,000 ரூபாய். கல்விக் கட்டணம் தனி.

தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அந்தத் தொகை கிடைத்தாலும், இப்போதைய ஊதியத்தைவிட மாதம் 2,000 ரூபாய்தான் கூடுதல். வட்டியைச் சேர்க்காமல் கணக்கிட்டாலும், இழந்ததை மீட்க 27 ஆண்டுகள் ஆகும். முப்பத்து மூன்று வயதில் பணியில் சேர்பவருக்கு அப்போது வயது அறுபது!

எய்ம்ஸ் மருத்துவமனைகளில் செவிலிய அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய். அதே இழப்பை அங்கே ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் ஈடுகட்டிவிடலாம். ஆனால், அப்பணிக்கான பொதுத் தேர்வுக்கு உச்ச வயது 30. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மட்டும் சில ஆண்டுகள் தளர்வு உண்டு. பட்டயம் பெற்றவர் ஈராண்டு மருத்துவமனை அனுபவமும் காட்ட வேண்டும். 35 வயது வரை படிக்க அனுமதித்துவிட்டு, நல்ல ஊதியமுள்ள வேலைக்கு முப்பதில் கதவடைப்பது என்ன நியாயம்? மேலும், 2019-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி எய்ம்ஸ் செவிலியர் பணியிடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு உரியவை.

அந்த ஒதுக்கீட்டின் மீது எனக்குக் குறை இல்லை. உலகச் செவிலியர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை. இத்தொழிலைக் கட்டி எழுப்பியவர்கள் அவர்களே. என் கவலை ஊதியத்தைப் பற்றியது. 'பெண்களின் சேவை' என்று பெயர் சூட்டப்பட்ட உழைப்புக்குச் சமூகம் பாராட்டைத் தாராளமாகவும் பணத்தைக் கஞ்சத்தனமாகவும் தருகிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2015-இல் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்ட செவிலியர்களுக்குத் தொகுப்பூதியம் வெறும் 7,700 ரூபாய். 2017-இல் அவர்கள் போராட்டத்தில் இறங்கியதை நாம் மறந்திருக்க முடியாது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஏற்கெனவே செவிலியராகப் பணியாற்றிய ஜோ ஹோகன் என்பவருக்கு, ஆண் என்பதால் பெண்கள் பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரி இடம் மறுத்தது. 1982-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆண்களை விலக்குவது, செவிலியப் பணி பெண்களுக்கே உரியது என்ற பழைய எண்ணத்தை நிலைநிறுத்தும் என்றார் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். ஆண்களை விலக்கியதே ஊதியத்தைத் தாழ்த்தியது என்ற செவிலியர் சங்க நிர்வாகிகளின் கருத்தும் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது.

எனவே, ஆண்கள் வருவதும் ஊதியம் உயர்வதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பக்கவாத நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும், கூச்சப்படும் ஆண் நோயாளியைக் குளிப்பாட்டவும் ஆண் செவிலியர்கள் தேவை. அவர்கள் வர வேண்டுமானால் மூன்று செய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரையைச் சட்டமாக்க வேண்டும். பணிக்கான வயது வரம்பைச் சேர்க்கை வரம்புக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். வேலையை விட்டுப் படிக்க வருவோருக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தர வேண்டும். முதல் இரண்டின் பலன் பெண் செவிலியர்களுக்கே அதிகம் கிடைக்கும்.

மாணவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். "சேருங்கள்; ஆனால், இருபதாயிரம் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்" என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனமிருக்கும் ஒருவருக்கு நான் தரக்கூடிய அறிவுரை இவ்வளவுதான் என்பது எனக்கு வருத்தமே.