தள்ளிப்போட முடியாத தேதி

1985 ஜனவரி 20. அமெரிக்கக் கால்பந்தின் உச்சகட்ட ஆட்டமான சூப்பர் பவுல். நடுவில் வந்தது 30 நொடி விளம்பரம் ஒன்று. கண்ணாடி போல மின்னும் உலோகப் பெண் ஒருத்தி இருக்கையில் அமர்ந்து, திரும்பி, கையை அசைத்துப் பேசினாள். எதிர்காலத்திலும் டப்பா உணவுக்கு மதிப்பு இருக்கும் என்பதே செய்தி. 'பிரில்லியன்ஸ்' என்ற அந்த விளம்பரம் முழுக்கக் கணினியில் உருவானது. லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் ஏபல் நடத்திய நிறுவனத்தின் படைப்பு அது.

திரைப்படம் என்றால் வெளியீட்டைத் தள்ளிப்போடலாம். சூப்பர் பவுல் யாருக்காகவும் காத்திருக்காது. ஏபல் குழுவின் கையில் இருந்தவை சில வாரங்கள்தான். இயந்திரங்களும் அன்றைய இயந்திரங்கள். அவர்கள் நம்பியிருந்த வாக்ஸ் 11/780 அலமாரி அளவுக்குப் பெரியது. நொடிக்குச் சுமார் 10 லட்சம் கட்டளைகளைத்தான் நிறைவேற்றும். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமானது.

அவசரத்தில் இருப்பவர்கள் முதலில் பளபளப்பைத்தான் தேடுவார்கள். இந்தக் குழு அசைவிலிருந்து தொடங்கியது. உலோக மேனி எவ்வளவு மின்னினாலும், தோளும் இடுப்பும் மரப்பாச்சி போலத் திரும்பினால் பார்ப்பவர் நம்பமாட்டார். அதனால் ஒரு பெண்ணின் மூட்டுகளில் கறுப்புப் புள்ளிகள் வைத்து, அவர் அசைவதைப் பல கோணங்களில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கணக்கிட்டு, அந்த அசைவைக் கணினி உருவத்துக்குக் கொடுத்தார்கள். 'மோஷன் கேப்சர்' பரவலாவதற்கு வெகு காலம் முன்பே அதன் அடிப்படை அங்கே செயல்பட்டுவிட்டது. 2009இல் வந்த 'அவதார்', 2014இல் வந்த நம் 'கோச்சடையான்' ஆகியவையும் நடிகரின் உடல் அசைவைப் பதிந்து உருவத்துக்கு ஏற்றும் இதே வழியில் வந்தவைதான்.

அடுத்தது ரெண்டரிங், அதாவது ஒவ்வொரு படத்தையும் கணினி கணக்கிட்டு உருவாக்கும் வேலை. நொடிக்கு 24 படங்கள் என்று வைத்தாலே 30 நொடிக்கு 720 படங்கள். சுற்றிலும் உள்ள பொருள்களும் ஒளியும் அவள் மேனியில் பிரதிபலிப்பதை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும். சொந்தக் கணினிகள் போதவில்லை. வேறு இடங்களில் இருந்த வாக்ஸ் கணினிகளின் நேரத்தையும் கேட்டு வாங்கித்தான் வேலையை முடித்தார்கள். இன்றைய ரெண்டர் ஃபார்ம்கள் செய்வதும் இதையேதான்: ஒரு வேலையைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது.

ஏபலின் நிறுவனம் 1987இல் மூடப்பட்டது. அது கண்ட வழி நிலைத்துவிட்டது. நெருக்கடிதான் நல்ல படைப்பைத் தரும் என்று இதைப் படித்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். குறுகிய அவகாசத்தில் எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று அவர்கள் முதல் வாரங்களிலேயே தெளிந்தார்கள். அந்தத் தெளிவுதான் விளம்பரத்தைக் காப்பாற்றியது.

விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசைவு முடிவாகி ரெண்டரிங் தொடங்கிய பிறகு உருவத்தையோ கதையையோ மாற்றச் சொன்னால், நூற்றுக்கணக்கான படங்களை மறுபடி முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருக்கும். கணினி எவ்வளவு வேகமானாலும் அந்தச் சுமை அனிமேட்டரின் தூக்கத்தில்தான் விழுகிறது. மாற்றம் வேண்டுமென்றால் கோட்டோவியமாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.